கண்ணாடிக்குப் பின்னால் மறையும் இருக்கைகள்: சிமுலேட்டர் விமானங்களில் ஒளிபுகும் பரப்புகளைச் சரிசெய்வது

ஃபிளைட்கியர் சிமுலேட்டரில் செஸ்னா போன்ற சிறு விமானம் ஒன்றின் மாடலை ஏற்றி, வெளியே நின்று அதன் முன்கண்ணாடி வழியாக உள்ளே பார்க்கிறீர்கள். இருக்கைகளும் கருவிப் பலகையும் தெரிய வேண்டிய இடத்தில், அப்பால் கிடக்கும் ஓடுபாதை தெரிகிறது. கேமராவை மறுபக்கம் சுழற்றினால் இருக்கைகள் திரும்பி வந்துவிடுகின்றன. விமானியின் இடத்தில் உட்கார்ந்தால் வேறொரு குறை: வானம் முழுக்க மேகம், சுழலும் ப்ரொப்பெல்லரின் வட்டத்துக்குள் மட்டும் வெறும் நீலம்.

மாடல் செய்யப் பழகுகிறவர்கள் இதைப் பார்த்ததும் ஆல்ஃபா மதிப்பைத்தான், அதாவது பரப்பு எவ்வளவு திடமானது என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்ணைத்தான், முதலில் மாற்றிப் பார்க்கிறார்கள். 0.3 என்று இருந்ததை 0.2 ஆக்குகிறார்கள், பிறகு 0.1 ஆக்குகிறார்கள். கண்ணாடி வெளிறிப்போகிறது, இருக்கைகள் வருவதில்லை. ஒளி எவ்வளவு புக வேண்டும் என்பதை அந்த எண் சரியாகவே சொல்லியிருக்கிறது. எந்தப் பரப்பு முதலில் வரையப்பட்டது, எது பின்னர் வரையப்பட்டது என்பதில்தான் கோளாறு இருக்கிறது. சிமுலேட்டர் மாடல்களில் வரும் ஒளிபுகல் குறைகளில் மிகப் பெரும்பாலானவை வரிசைக் குறைகளே என்பது என் உறுதியான கருத்து. அதைப் புரிந்துகொண்டவருக்கு எந்த சிமுலேட்டரிலும் பாதி வேலை முடிந்துவிடும்.

இருக்கை, இறக்கை, ஓடுபாதை போன்ற ஒளிபுகாப் பொருள்களை எந்த வரிசையில் வரைந்தாலும் படம் சரியாக வரும். அதற்குக் காரணம் டெப்த் பஃபர். யூட்டா பல்கலைக்கழகத்தில் எட்வின் கேட்மல் 1974-இல் அளித்த ஆய்வேட்டில் விவரித்த இந்த முறை, இன்று ஒவ்வொரு கிராஃபிக்ஸ் கார்டிலும் வன்பொருளாகவே அமைந்திருக்கிறது. திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தோடு சேர்த்து ஒரு தொலைவும் குறித்து வைக்கப்படுகிறது. புதிதாக ஒரு பரப்பு அந்தப் பிக்சலுக்கு வரும்போது, ஏற்கெனவே குறித்த தொலைவைவிட அது அருகில் இருந்தால் பழையதை அழித்து எழுதுகிறது. தள்ளி இருந்தால் கைவிடப்படுகிறது. எளிமையான, நேர்மையான விதி.

இந்த விதிக்குக் கண்ணாடி என்றால் என்னவென்று தெரியாது. முன்கண்ணாடி முதலில் வரையப்பட்டால் அதன் தொலைவு பதிவாகிவிடுகிறது. அடுத்து வரும் இருக்கை அதைவிடத் தள்ளி இருப்பதால் கைவிடப்படுகிறது. கண்ணாடியை வரைந்த நேரத்தில் அதற்குப் பின்னால் எது வரையப்பட்டிருந்ததோ அதனோடுதான் கண்ணாடியின் நிறம் கலந்திருக்கிறது. அது ஓடுபாதையாக இருந்தால் ஓடுபாதைதான் தெரியும்.

டெப்த் பஃபரில் எழுதுவதை நிறுத்திவிட்டாலும் கலக்கும் கணக்கு வரிசையைச் சார்ந்தே இருக்கிறது. தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-இல் வெளியிட்ட கட்டுரை வகுத்த கணக்குதான் இன்றும் நடப்பில் இருக்கிறது: புதிய பரப்பின் நிறத்தை அதன் ஆல்ஃபாவால் பெருக்கி, பின்னணியை மிச்சப் பங்கால் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். இரவு நேரம், பின்னணியின் ஒளி 0 என்று வைத்துக்கொள்வோம். வெளியே ஒரு விளக்கின் ஒளிவட்டம். அதன் ஒளி 1, ஆல்ஃபா 0.5. அதற்கு முன்னால் கருநிறம் ஏற்றிய கண்ணாடி. அதன் ஒளி 0, ஆல்ஃபா 0.5. விளக்கை முதலில் வரைந்தால் 0.5 கிடைக்கும், அதன்மேல் கண்ணாடி வந்ததும் 0.25 ஆகும். கண்ணாடியை முதலில் வரைந்து விளக்கைப் பிறகு வரைந்தால் விடை 0.5. அதே இரண்டு பொருள்கள், அதே எண்கள், வரிசை மட்டும் மாறியதால் வெளிச்சம் இரு மடங்காகிவிட்டது.

ஆகவே பெரும்பாலான சிமுலேட்டர்கள் அடிப்படையில் ஒரே ஏற்பாட்டைக் கையாளுகின்றன. ஒளிபுகாதவற்றை முதலில் வரைந்து முடித்துவிட்டு, ஒளிபுகும் பரப்புகளைத் தொலைவிலிருந்து அருகே வரும் வரிசையில் வரைகின்றன. ஓவியர் ஒருவர் தொலைமலையைத் தீட்டிவிட்டு மரத்தை அதன்மேல் தீட்டுவதைப் போன்ற முறை என்பதால் இதற்கு ஓவியர் அல்காரிதம் என்றே பெயர். ஃபிளைட்கியர் 2008 டிசம்பரில் வந்த 1.9.0 பதிப்பிலிருந்து ஓபன்சீன்கிராஃப் என்ற கிராஃபிக்ஸ் நூலகத்தின்மேல் நிற்கிறது. அந்த நூலகம் வரைய வேண்டியவற்றை எண்ணிட்ட தொகுதிகளாகப் பிரித்து, குறைந்த எண்ணிலிருந்து தொடங்கி வரைகிறது. அவற்றை ரெண்டர் பின் என்கிறார்கள். சாதாரணப் பொருள்கள் 0-ஆம் பின்னில், ஒளிபுகுபவை வழக்கமாக 10-ஆம் பின்னில். 10-ஆம் பின்னில் உள்ளவை தொலைவுப்படி அடுக்கப்படுகின்றன. அதற்கு முன் ஃபிளைட்கியர் பிளிப் நூலகத்தில் ஓடிய காலத்தில், கண்ணாடிகளை மாடல் கோப்பின் கடைசியில் வைக்க வேண்டும் என்பதே மாடல் செய்பவர்களின் பால பாடம். எக்ஸ்-பிளேன் சிமுலேட்டரின் ஓபிஜே கோப்பில் இன்றும் முக்கோணங்கள் கோப்பில் எழுதிய வரிசையிலேயே வரையப்படுகின்றன.

தொலைவுப்படி அடுக்குவது என்றால் எதன் தொலைவு? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முழு மெஷ்ஷுக்கும், அதாவது முக்கோணங்களால் ஆன ஒரு பொருள் முழுவதற்கும், ஒரே ஒரு தொலைவு. அதுவும் அதைச் சுற்றியுள்ள பெட்டியின் மையப்புள்ளி வரை அளக்கப்படுகிறது. முக்கோணம் முக்கோணமாக அளப்பதற்கு நேரமில்லை. இப்போது இடப்பக்க ஜன்னல்கள், வலப்பக்க ஜன்னல்கள், முன்கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மெஷ்ஷாகச் செய்திருந்தால் மையப்புள்ளி எங்கே விழும்? பயணிகள் அறையின் நட்டநடுவில், கண்ணாடியே இல்லாத இடத்தில். இறக்கை விளக்கின் ஒளிவட்டம், ப்ரொப்பெல்லர் வட்டம், இந்தக் கூட்டுக் கண்ணாடி மூன்றையும் அடுக்கும்போது கிடைக்கும் வரிசை சில கோணங்களில் சரியாக இருக்கும், சில கோணங்களில் தவறாக இருக்கும். கேமரா நகரும்போது திடீரென ஏதோ ஒன்று பளிச்சென்று மாறுவதற்கு இதுவே காரணம்.

மருந்து, பிரித்தல். பிளெண்டர் அல்லது ஏசி3டி என்ற முப்பரிமாண மாடல் மென்பொருளில் திறந்து, இடம், வலம், முன், பின் என்று ஒவ்வொரு கண்ணாடியையும் தனிப் பொருளாக்கிப் பெயரிட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு மையப்புள்ளியும் அதனதன் கண்ணாடியின்மேலேயே விழும். சலிப்பான வேலைதான். ஆனாலும் அமைப்புக் கோப்பில் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாலையைச் செலவழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். பிரித்த பிறகு, மாடலின் எக்ஸ்எம்எல் கோப்பில் அந்தப் பொருள்களின் பெயர்களைக் குறிப்பிட்டு, ஒளிபுகும் பொருள்களுக்கான எஃபெக்டை, அதாவது பரப்பை எப்படி வரைவது என்று சொல்லும் அமைப்பை, சேர்த்துவிட்டால் ஃபிளைட்கியர் அவற்றைச் சரியான பின்னில் போட்டுக்கொள்ளும்.

போர் விமானங்களிலும் கிளைடர்களிலும் இருக்கும் குமிழ் வடிவக் கூரைக்கண்ணாடி தனிச் சிக்கல். அது ஒரே துண்டு. பக்கவாட்டில் பிரித்தால் தையல் தெரியும். வெளியிலிருந்து பார்க்கும்போது அருகிலுள்ள சுவர் ஒன்றும் எதிர்ச்சுவர் ஒன்றும் ஒரே பிக்சலில் விழுகின்றன. இரண்டும் ஒரே மெஷ்ஷில் இருப்பதால் எது முதலில் வரும் என்பதை முக்கோணங்கள் கோப்பில் எழுதப்பட்ட வரிசையே தீர்மானிக்கிறது. அதனால்தான் இடப்புறம் நின்றால் எதிர்ச்சுவர் தெரிகிறது, வலப்புறம் நின்றால் காணாமல் போகிறது. ஏசி3டி கோப்பில் பரப்புகளுக்கு இருபக்கக் கொடி போட்டிருந்தால் இந்தக் குறை உறுதி. அந்தக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் நீங்களே திறந்து பார்க்கலாம்: பரப்பைக் குறிக்கும் வரியின் பதினாறடிமான எண்ணில் 0x20 சேர்ந்திருந்தால் அது இருபக்கப் பரப்பு.

இதற்கான தீர்வு எனக்கு மிகப் பிடித்தமானது, ஏனென்றால் அது தோராயமானதல்ல, வடிவியல்படி முற்றிலும் சரியானது. கூரைக்கண்ணாடியை ஒருபக்கப் பரப்பாக்கி, அதற்கு ஒரு பிரதி எடுத்து, பிரதியின் முகங்களை உள்நோக்கித் திருப்பிவிட வேண்டும். உட்புறப் பிரதியை எப்போதும் முதலில் வரைய வேண்டும், வெளிப்புறத்தைப் பிறகு. குமிழ் வெளிநோக்கி மட்டுமே வளைந்த வடிவம். வெளியிலிருந்து வரும் பார்வைக்கோடு அதில் ஒருமுறை நுழைகிறது, ஒருமுறை வெளியேறுகிறது. நுழையும் இடத்தில் வெளிப்புற முகம் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். வெளியேறும் இடத்தில் உட்புற முகம் மட்டுமே தெரியும். எந்தக் கோணத்தில் நின்றாலும் உட்புற முகம்தான் தொலைவில் இருக்கும். ஆகவே நிலையான வரிசை ஒன்றே எல்லாக் கோணங்களுக்கும் போதும், கேமராவைப் பொறுத்து அடுக்கவே தேவையில்லை. இரண்டுக்கும் மையப்புள்ளி ஒன்றே என்பதால் தானாக அடுக்கப்படும் என்று விட்டுவிடக் கூடாது. உட்புறத்துக்குக் குறைந்த பின் எண்ணை நாமே தர வேண்டும்.

விமானி இருக்கையிலிருந்து பார்க்கும் கண்ணாடியையும் வெளியிலிருந்து பார்க்கும் கண்ணாடியையும் தனித்தனிப் பொருளாக வைத்துக்கொள்வதும் நல்லது. மைக்ரோசாஃப்டின் எஃப்எஸ்எக்ஸில் (ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ்) வெளி மாடலும் உள் மாடலும் தொடக்கத்திலிருந்தே வேறு வேறு கோப்புகள். ஃபிளைட்கியரில், இப்போதைய காட்சி உள்காட்சியா என்று சொல்லும் ப்ராப்பர்ட்டி ஒன்று இருக்கிறது. அதை நிபந்தனையாக வைத்து ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்கலாம். அடுக்கு குறையக் குறைய வரிசைச் சண்டையும் குறையும். படமும் தெளிவாகும்: 0.2 ஆல்ஃபா உள்ள ஒரு கண்ணாடி பின்னணியில் 80 சதவீதத்தை விடுகிறது; நான்கு அடுக்கு சேர்ந்தால் 41 சதவீதம்தான் மிஞ்சும்.

டெப்த் பஃபரில் எழுதுவதை நிறுத்துவது பற்றி ஒரு சொல். கண்ணாடிகளுக்கு அதை நிறுத்துவது சரியான வழக்கமே. பின்னால் வரும் எதையும் கண்ணாடி தடுக்காது. இருந்தாலும் எந்தக் குறை வந்தாலும் உடனே இதைச் செய்துவிடும் பழக்கம் நல்லதல்ல. வரிசை தவறாகவே இருக்க, இருக்கை காணாமல் போவது மட்டும் நின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக இருக்கை கண்ணாடிக்கு வெளியே ஒட்டவைத்ததுபோல் தெரியத் தொடங்குகிறது, கண்ணாடியின் சாயல் அதன்மேல் விழாமல் போகிறது. நோயின் அடையாளம் மறைந்து நோய் தங்கிவிடுகிறது.

எந்த மாடலையும் பழுதுபார்க்கத் தொடங்கும் முன், கண்ணாடியே அல்லாத ஒரு பொருள் கண்ணாடியாக எண்ணப்படுகிறதா என்று பாருங்கள். நான் பார்க்கச் சொல்லும் முதல் இடம் விமான உடலின் டெக்ஸ்ச்சர், அதாவது பரப்பின்மேல் போர்த்தும் படம். அதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஆல்ஃபாவைக் குறித்து வைக்கும் ஆல்ஃபா சேனல் இருந்து, ஏதோ ஒரு பிக்சலில் அது முழு மதிப்பைவிடச் சற்றே குறைந்திருந்தாலும், ஓபன்சீன்கிராஃபின் ஏசி3டி வாசிப்பான் அந்தப் படம் போர்த்திய பொருள் முழுவதையும் ஒளிபுகுவதாகக் கொள்கிறது. கண்ணுக்குத் திடமாகத் தெரியும் உடல், இறக்கை, வால் எல்லாம் கண்ணாடிகளோடு ஒரே வரிசையில் போய் நிற்கின்றன. அவற்றின் மையப்புள்ளிகள் எங்கெங்கோ இருப்பதால் குழப்பம் முழுமையாகிறது. படத் தொகுப்பு மென்பொருளில் ஆல்ஃபா சேனலை நீக்கிச் சேமித்தால் தீர்ந்துவிடும். ஜன்னல் கண்ணாடியையும் உடலையும் ஒரே படத்தில் வரைந்திருப்பவர்கள் கண்ணாடிக்கென்று தனிப் படம் ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும்.

பழைய மாடல்களைப் புதிய சிமுலேட்டருக்குக் கொண்டுவருபவர்களுக்கு இந்தக் குறை ஏன் அடிக்கடி வருகிறது என்பதற்குப் பின்னணி உண்டு. 2003-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2004-இல், உடல் டெக்ஸ்ச்சரின் ஆல்ஃபா சேனல் ஒளிபுகலைச் சொல்லவில்லை, பளபளப்பைச் சொன்னது. ஆல்ஃபா எவ்வளவு கருமையோ அவ்வளவு மினுக்கம். மெருகேற்றிய அலுமினிய உடல் கொண்ட விமானம் என்றால் ஆல்ஃபா மிகக் கருமையாக இருக்கும். அதே படத்தை ஆல்ஃபா என்றால் ஒளிபுகல் என்று கொள்ளும் சிமுலேட்டரில் ஏற்றினால், அதிகம் மின்னிய பகுதிதான் அதிகம் கரைந்துபோகும். படத்தில் பிழையில்லை, மாடலிலும் பிழையில்லை. ஒரே சேனலை இரண்டு சிமுலேட்டர்கள் இரண்டு வேலைக்கு வைத்திருக்கின்றன.

ப்ரொப்பெல்லருக்கு வருவோம். மெதுவாகச் சுழலும்போது தகடுகளையும், வேகம் கூடியதும் மங்கலான வட்டம் ஒன்றையும் காட்டுவது வழக்கம். அந்த வட்டம் ஆல்ஃபா படம் ஒட்டிய தட்டையான பரப்பு. மேகங்களும் ஆல்ஃபா படங்கள்தாம், அவற்றுக்கும் ஒரு பின் உண்டு. வட்டம் மேகங்களுக்கு முன்னரே வரையப்பட்டு, தன் தொலைவையும் எழுதிவிட்டால் அதற்குப் பின்னுள்ள மேகங்கள் கைவிடப்படும். முதலில் சொன்ன வெறும் நீலம் இப்படித்தான் உருவாகிறது. ஃபிளைட் சிமுலேட்டர் 2004-க்காகச் செய்த மாடல்களை எஃப்எஸ்எக்ஸில் ஏற்றியவர்கள் இதை நன்றாக அறிவார்கள். வட்டம் டெப்த் பஃபரில் எழுதக் கூடாது, மேகங்களுக்குப் பிறகே வரையப்பட வேண்டும். இவ்விரண்டும் செய்தால் மேகங்கள் திரும்பும்.

அதோடு முடியவில்லை. வட்டத்துக்கும் முன்கண்ணாடிக்கும் இடையே நிலையான வரிசை வைத்தால் தவறாகிவிடும். விமானியின் பார்வையில் வட்டம் தொலைவில், கண்ணாடி அருகில். எதிரே நின்று பார்ப்பவருக்கு நேர்மாறு. குமிழ்க் கண்ணாடிக்கு உதவிய வழி இங்கே உதவாது. வட்டத்தையும் முன்கண்ணாடியையும் ஒரே பின்னில் போட்டு, தொலைவுப்படி அடுக்க விட்டுவிட வேண்டும். இரண்டின் மையப்புள்ளிகளும் எஞ்சின் மூக்கின் நீளம் அளவுக்கு விலகியிருப்பதால் அடுக்கு பெரும்பாலும் பிசகாது. அந்த வட்டத்தின் படத்தை டிடிஎஸ் என்ற படக் கோப்பாகச் சேமிக்கும்போது டிஎக்ஸ்டி3 என்ற சுருக்க முறை வேண்டாம். அதில் ஆல்ஃபாவுக்கு 16 படிகள் மட்டுமே, ஓரத்தில் மெல்லக் கரைய வேண்டிய மங்கல் வளையம் வளையமாகத் தெரியும். டிஎக்ஸ்டி5 இதற்குத் தகுந்தது.

ஆன்டெனா கம்பி, காற்றோட்ட வலை, எச்சரிக்கை எழுத்துகள் போன்றவற்றுக்குக் கலத்தலே தேவையில்லை. பிக்சல் இருக்கிறதா இல்லையா என்று வெட்டிவிடும் முறை போதும். 2020-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் பயன்படுத்தும் ஜிஎல்டிஎஃப் வடிவத்தில் இது மாஸ்க் எனப்படும். வெட்டும் எல்லை சொல்லாவிட்டால் 0.5. இப்படி வெட்டப்படும் பரப்பு டெப்த் பஃபரில் இயல்பாக எழுதுகிறது, வரிசைக் கவலையே கிடையாது. ஒரு குறை உண்டு: தொலைவில் படம் சுருங்கும்போது மெல்லிய கம்பியின் ஆல்ஃபா சராசரியாகி எல்லைக்குக் கீழே போய், கம்பியே மறைந்துவிடும். படத்தில் கம்பியைச் சற்றுத் தடிமனாக வரைவது எளிய வழி. எழுத்துகளைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரிந்தால், முழுதும் ஒளிபுகும் பகுதியிலும் எழுத்தின் நிறத்தையே நிரப்பிவிடுங்கள். ஆல்ஃபா 0 என்றாலும் அங்குள்ள நிறம் வடிகட்டலின்போது ஓரத்தில் கசியும்.

உள், வெளிக் கண்ணாடிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தும்போது இடைவெளி எவ்வளவு விடுவது? 24 பிட் டெப்த் பஃபரில், காட்சியின் அருகெல்லை, அதாவது அதைவிட அருகில் உள்ள எதுவும் வரையப்படாத தொலைவு, 10 செ.மீ. என்று கொண்டால், 10 மீட்டர் தொலைவில் 0.06 மி.மீ. வேறுபாட்டைக்கூடப் பிரித்தறிய முடியும். 1 கிலோமீட்டரில் அந்த அளவு ஏறத்தாழ 60 செ.மீ. ஆகிவிடுகிறது, ஏனென்றால் பிழை தொலைவின் வர்க்கத்தில் வளர்கிறது. அருகில் சுத்தமாக இருந்த மாடல், தொலைவில் ஓடுபாதைமீது நிற்கும்போது மினுமினுப்பது இதனால்தான். மில்லிமீட்டர்களைக் கூட்டி இதை வெல்ல முடியாது. தொலைவில் அடுக்குகளையே குறைக்க வேண்டும்.

வரிசையைச் சாராமல் ஒளிபுகலைக் கணக்கிடும் முறைகளும் இருக்கின்றன. காஸ் எவரிட் 2001-இல் விவரித்த டெப்த் பீலிங் முறை, காட்சியைப் பலமுறை வரைந்து அடுக்கு அடுக்காக உரித்தெடுக்கிறது. விடை துல்லியமானது, விலை அதிகம். மெக்வயரும் பவோயிலும் 2013-இல் முன்வைத்த எடையிட்ட கலத்தல் விரைவானது, விடை தோராயம். நிலப்பரப்பு, வானிலை, நிழல் எல்லாவற்றுக்கும் நேரம் பங்கிட வேண்டிய சிமுலேட்டரில் மாடல் செய்பவர் இவற்றை நம்பி உட்கார முடியாது.

சரிசெய்த மாடலைச் சோதிக்கப் பகல் வெளிச்சமும் தெளிந்த வானமும் போதாது. மேகம் நிறைந்த வானில் எஞ்சினை ஓட்டியபடி விமானத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பாருங்கள். இரவில் ஓடுபாதை விளக்குகளை ஜன்னல் வழியாகவும், ப்ரொப்பெல்லர் வட்டத்தின் வழியாகவும் பாருங்கள். பின்னிருக்கையிலிருந்து முன்னிருக்கைத் தலைக்கு மேலாக முன்கண்ணாடியைப் பாருங்கள். இன்னொரு விமானத்தை அருகில் நிறுத்தி, உங்கள் கண்ணாடி வழியாக அதன் கண்ணாடியையும் அதற்கு அப்பால் அதன் இருக்கைகளையும் பாருங்கள். வரிசைக் குறை எஞ்சியிருந்தால் இந்தக் காட்சி அதைத் தவறாமல் காட்டிக்கொடுக்கும். கடைசியாக, தொலைவுக்கேற்பப் பொருளை மாற்றும் ஃபிளைட்கியரின் ரேஞ்ச் அனிமேஷனைக் கொண்டு, சில நூறு மீட்டருக்கு அப்பால் கண்ணாடிகளையும் உள் இருக்கைகளையும் நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒளிபுகாத கருநீலப் பரப்பை வையுங்கள். அந்தத் தொலைவில் உண்மையான விமானத்தின் ஜன்னல்களும் பெரும்பாலும் கருமையாகவே தெரிகின்றன; அடுக்க வேண்டிய பரப்பு ஒன்றுகூட அங்கே மிச்சமிருக்காது.